மெதிலீன் நீலம்: சாய மூலக்கூறுகள் அடுக்குவதை ஒரே விதியால் விளக்கலாமா?

மாங்குளம் ரீச்சர்:
உயர்தர மாணவர்களுக்குச் சாயங்களைப் படிப்பிக்கும்போது நான் ஒரே ஒரு விதியைத்தான் கொடுக்கிறேன். தட்டையான சாய மூலக்கூறுகள் முகத்தோடு முகம் அடுக்கினால் ஒளி உறிஞ்சல் குறுகிய அலைநீளப் பக்கம் நகரும். தலையும் வாலுமாகச் சரிந்து அடுக்கினால் நெடிய அலைநீளப் பக்கம் நகரும். முதலாவதற்கு மெதிலீன் நீலம் நல்ல எடுத்துக்காட்டு. தண்ணீரில் தனி மூலக்கூறு 664 நானோமீற்றரில் உறிஞ்சும், இரண்டு சேர்ந்த சோடி 610க்குக் கிட்ட உறிஞ்சும். செறிவான கரைசல் ஊதா கலந்து தெரிவதும் ஐதாக்கினால் வெளிர் நீலமாவதும் இதனால்தான். எங்கள் வன்னிப் பாடசாலைகளில் நிறமாலைமானியை எதிர்பார்க்க முடியாது. ஆனால் உயிரியல் ஆய்வுகூடத்தில் தேடினால் ஒரு போத்தல் மெதிலீன் நீலம் கிடைக்கும். இதைச் செய்து காட்டாமல் விடக்கூடாது.

முத்தையன்கட்டான்:
ரீச்சர், நான் உடன்படவில்லை. கண்ணால் பார்த்த நிற மாற்றம் சோடி சேர்ந்ததற்குச் சான்று ஆகாது. எந்தச் சாயத்தையும் கடுமையாகக் கரைத்தால் உறிஞ்சல் பட்டையின், அதாவது அது விழுங்கும் அலைநீளப் பரப்பின், ஓரங்கள்கூட ஒளியை விழுங்கும், சாயல் மாறித்தான் தெரியும். அதைவிட, 610க்குக் கிட்ட உள்ள தோள், அதாவது பெரிய பட்டையின் பக்கத்தில் தெரியும் சிறு மேடு, மிக ஐதான கரைசலிலும் இருக்கிறது. அது தனி மூலக்கூறின் அதிர்வால் வருவது. ஒளியால் இலத்திரன் உயர் ஆற்றலுக்கு அருட்டப்படும்போது பிணைப்புகளும் சேர்ந்து அதிர்வதால் ஒரு துணைப் பட்டை தோன்றும். அதையே சோடி என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் பிழையாகப் பிடித்துக்கொள்வார்கள்.

மாங்குளம் ரீச்சர்:
முதலாவதைச் சோதிக்க இலேசான வழி உண்டு. செறிவை 100 மடங்கு கூட்டினால், ஒளி போகும் தூரத்தை 100 மடங்கு குறையுங்கள். லீற்றருக்கு 0.000001 மூல் உள்ள கரைசலை 20 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அளவுச்சாடியில் எடுத்து மேலிருந்து பாருங்கள். 0.0001 மூல் கரைசலை 2 மில்லிமீற்றர் படையாக இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். ஒளியின் பாதையில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். அந்த எண்ணிக்கையே உறிஞ்சலைத் தீர்மானிக்கும் என்ற பியர் விதிப்படி நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆனால் இருக்காது. முதலாவதில் கிட்டத்தட்ட எல்லாமே தனி மூலக்கூறுகள், இரண்டாவதில் கணிசமான பங்கு சோடியாகிவிட்டது.

தோளில் அதிர்வுக்குப் பங்கு உண்டு, ஓம். ஆனால் செறிவு கூடக்கூட 610 உயர்ந்து கடைசியில் 664ஐ மிஞ்சுகிறது. வெறும் அதிர்வென்றால் இரண்டின் விகிதம் செறிவோடு மாறாதே! சூடாக்கினாலும் எதனோல் சேர்த்தாலும் சோடி பிரிந்து 610 இறங்கும்.

பரந்தன் தம்பி:
ரீச்சர், எனக்கு அடிப்படையே விளங்கவில்லை. இரண்டு மூலக்கூறு பக்கத்தில் இருந்தால் ஏன் உறிஞ்சும் அலைநீளம் மாறவேண்டும்? பிணைப்பு ஒன்றும் புதிதாக உருவாகவில்லையே.

மாங்குளம் ரீச்சர்:
நல்ல கேள்வி தம்பி. ஒளி படும்போது மூலக்கூறின் நீள அச்சு வழியே மின்னேற்றம் ஆடுகிறது. பக்கத்தில் அதே போன்ற இன்னொன்று இருந்தால் அருட்டல் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். இரண்டும் ஒரே திசையில் ஆடலாம், எதிரெதிராகவும் ஆடலாம். முகத்தோடு முகம் இருக்கும்போது ஒரே திசையில் ஆடினால் நேர் ஏற்றம் நேருக்கு அருகிலும் மறை மறைக்கு அருகிலும் வரும். தள்ளுகையால் அந்த நிலையின் ஆற்றல் உயரும். எதிரெதிராக ஆடினால் ஆற்றல் தாழும், ஆனால் இரண்டின் இருமுனைவுகளும் (நேர், மறை ஏற்றங்கள் பிரிந்து நிற்கும் நிலை) ஒன்றையொன்று அழித்துவிடுவதால் ஒளிக்கு அந்த நிலை அகப்படாது. ஆகவே உறிஞ்சல் மேல் நிலைக்கே நடக்கும். பிறகு ஆற்றல் கீழே உள்ள இருண்ட நிலைக்கு இறங்கி அங்கேயே தங்கிவிடும். சில சாயங்கள் செறிவானதும் ஒளிர்வதை இழப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

தலையும் வாலுமாக இருந்தால் எல்லாம் தலைகீழ். ஜெலி, சைபே என்ற ஆய்வாளர்கள் 1936, 1937 அளவில் சயனீன் சாயமொன்றில் கண்டது அதைத்தான். செறிவு கூடியதும் 570க்குக் கிட்ட ஊசிபோல ஒடுங்கிய புதுப் பட்டை எழுந்தது. ஜெலியின் முதலெழுத்தால்தான் அவ்வகை அடுக்கை இன்றும் ஜே திரள் என்கிறார்கள்.

வவுனியாக்காரி:
ரீச்சர், சோடி சேர்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் எதிர்ப்பு அந்த 'ஒரே விதி'யோடுதான். நீங்கள் சொன்னது 1960களில் மைக்கேல் காசா என்ற இரசாயனவியலாளர் விளக்கிய மாதிரி. ஒவ்வொரு மூலக்கூறையும் ஒரு புள்ளி இருமுனைவாக எடுத்தால், அச்சுக்கும் மையங்களை இணைக்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட கோணம் 54.7 பாகையில் இடைத்தாக்கம் பூச்சியமாகும். அதற்குக் கூடினால் ஒரு பக்கம், குறைந்தால் மறுபக்கம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மெதிலீன் நீலத்தின் நீளம் ஏறத்தாழ 1.4 நானோமீற்றர், அடுக்கின் இடைவெளியோ 0.34 அளவு. இடைவெளியைவிட நான்கு மடங்கு நீளமான ஒன்றை எப்படிப் புள்ளி என்று எடுப்பது?

அந்த நெருக்கத்தில் ஒன்றின் இலத்திரன் முகில் மற்றதன்மேல் படிந்துவிடும். இலத்திரனே ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம். பெரிலீன் நிறமிகளைப் பாருங்கள். கரைசலில் அநேகமாக ஒரே நிறம், பளிங்கில் சிவப்பு, மெரூன், கறுப்பு. அடுத்தடுத்த மூலக்கூறுகள் எவ்வளவு வழுக்கி நிற்கின்றன என்பதே நிறத்தைத் தீர்மானிக்கிறது. காஸ்மையர், ஹொஃப்மன் என்ற ஆய்வாளர்கள் 1994இல் அதை இலத்திரன் மேற்படிவைக் கொண்டு விளக்கினார்கள். கோணத்தை மட்டும் பார்த்தால் இது வராது.

முத்தையன்கட்டான்:
தங்கச்சி சொல்வதோடு என்னுடையதையும் சேர்க்கிறேன். அடுக்கும்போது அதிர்வுப் பட்டைகளின் விகிதமே மாறும். முகத்தோடு முகம் என்றால் முதல் பட்டை தேய்ந்து அடுத்தது வளரும். ஆகவே சோடி ஒரு பக்கம், அதிர்வு மறுபக்கம் என்று ரீச்சர் பிரித்ததை நான் ஏற்கமாட்டேன். 610இல் வளர்வது இரண்டும் கலந்தது.

மாங்குளம் ரீச்சர்:
கலந்தது என்றாலும் வளரவைப்பது அடுக்குத்தானே? பெரிலீனை நான் மறுக்கவில்லை. ஆனால் பச்சைக் கந்தக பற்றீரியாக்களைப் பாருங்கள். அவற்றின் பற்றீரியக் குளோரோபில் தனியே 670 அளவில் உறிஞ்சும், கலத்துக்குள் புரதத்தின் தாங்கல் இல்லாமல் தானாகவே சரிந்து அடுக்கித் திரண்டு 740 தாண்டி உறிஞ்சும். எந்தத் திசையில் நகரும் என்பதை இந்த எளிய விதி சரியாகச் சொல்கிறது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நான் முதலில் திசையைக் கொடுப்பேன். அளவைப் பல்கலைக்கழகத்தில் படிக்கட்டும்.

வவுனியாக்காரி:
திசையே பிழைக்கும் இடங்கள் உண்டு, அதுதான் என் கவலை. இலத்திரன் தாவல் இருமுனைவுத் தாக்கத்துக்கு எதிராகவும் நிற்கலாம், அதை முழுதாகச் சமன்செய்தும் விடலாம். அப்போது முகத்தோடு முகம் அடுக்கியும் நீங்கள் சொல்லும் நகர்வு வராது. 'மூலக்கூறுகள் தூரமாக இருக்கும்போது' என்ற நிபந்தனையையாவது விதியோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

மாங்குளம் ரீச்சர்:
நிபந்தனையைச் சொல்லலாம். விதியை விடமாட்டேன்.

பரந்தன் தம்பி:
நான் சீடித் துண்டால் ஒளியை நிறங்களாகப் பிரித்து, தொலைபேசிக் கமராவால் நிறமாலை எடுக்கலாமென்று இருக்கிறேன். 664 தெரியுமா?

முத்தையன்கட்டான்:
தம்பி, கமராவில் 650க்கு மேலே உணர்திறன் விழுந்துவிடும். அதை நம்பாதே. செம்மஞ்சள் பகுதியை மட்டும் ஒப்பிடு. ரீச்சர் சொன்ன சாடியையும் தகட்டையும் ஒரே மின்குமிழுக்கு முன் வைத்து, கமராவின் தானியங்கி வெளிச்சத் திருத்தத்தை நிறுத்திவிட்டுப் படம் எடு.