ரீட்மீல கமிட் ஆக்டிவிட்டி பேட்ஜ் வைக்கலாமா, தூக்கிடலாமா?

பாமினி_மாத்தி (கேள்வி)
வணக்கம் மக்களே. பாமினின்ற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச ஃபைல்களை யூனிகோடுக்கு மாத்துற சின்ன பைத்தான் லைப்ரரி ஒண்ணு கிட்ஹப்ல வச்சிருக்கேன். ரீட்மீ, அதான் ப்ராஜெக்ட் அறிமுகப் பக்கம், மொட்டையா இருக்கேன்னு ஷீல்ட்ஸ் டாட் ஐஓ சைட்ல இருந்து நிலவரம் காட்டற ரெண்டு சின்னப் பட்டை (பேட்ஜ்) எடுத்துப் போட்டேன், ஒண்ணு மாசத்துக்கு எத்தனை கமிட், அதாவது கோடுல பதிவு பண்ணின மாத்தம்னு காட்டும், இன்னொண்ணு கடைசி கமிட் எப்போன்னு. இப்ப மொதல் பேட்ஜ் சைபர்ல நிக்குது, ரெண்டாவது பச்சையா இருந்தது ஆரஞ்சுக்கு வந்துடுச்சு. லைப்ரரி நல்லாதான் ஓடுது, பாமினி மேப்பிங் இனிமே மாறவா போகுது? ஆனா புதுசா வர்றவங்க பேட்ஜைப் பாத்துட்டு "இது இன்னும் உயிரோட இருக்கா"ன்னு இஷ்யூ போட்டு கேக்கறாங்க. தூக்கிடவா, இல்ல வேற எதாவது காட்டலாமா? இன்னொரு டவுட், போன தடவை புஷ் பண்ணினப்போ பேட்ஜ் ரொம்ப நேரம் பழசாவே இருந்துச்சு, அது ஏன்?

டெவாப்ஸ்_அக்கா
ரெண்டாவது டவுட்டை மொதல்ல முடிச்சுடறேன் தம்பி. ரீட்மீல இருக்கற வெளிப் படத்தை கிட்ஹப் நேரா காட்டாது, கேமோன்னு அவங்க ப்ராக்ஸி வழியாதான் எடுத்துக் காட்டும், அது படத்தை கேஷ் பண்ணி, அதாவது ஒரு காப்பி எடுத்து வச்சுக்கும், ஷீல்ட்ஸ் பக்கமும் தனியா ஒரு கேஷ் இருக்கு. கொஞ்ச நேரம் விட்டா தானா மாறிடும். அவசரம்னா பேட்ஜ் மேல ரைட் கிளிக் பண்ணி அந்த கேமோ அட்ரஸை எடுத்து, கர்ல் கமாண்ட்ல பர்ஜ் ரிக்வெஸ்ட் அடிச்சு அந்த காப்பியை அழிச்சு விடுங்க.

கமிட் எண்ணிக்கை பேட்ஜை தூக்கிடுங்க. ஒருத்தர் வாரக்கணக்கா உக்காந்து எழுதினதை ஸ்குவாஷ் மெர்ஜ் பண்ணா, அதாவது எல்லா கமிட்டையும் ஒண்ணா சுருக்கி சேத்தா, மெயின் பிராஞ்ச்ல ஒரே கமிட், இன்னொரு ரெப்போல மனுஷன் யாரும் தொடாமலே டிபெண்டாபாட்ங்கற கிட்ஹப் பாட் மத்த லைப்ரரிகளோட வெர்ஷனை ஏத்தி ஏத்தி நம்பரை ஏத்திடும். அந்த நம்பரை வச்சு யாரு வேலை செஞ்சாங்கன்னு எப்படி சொல்ல முடியும்?

பழைய_கோடர்
அக்கா சொன்னது சரி, நான் இன்னும் ஒரு படி மேல போறேன். முடிஞ்சுபோன சாஃப்ட்வேர்னு ஒண்ணு இருக்குங்க, அதுக்கு மரியாதை குடுக்கணும். கணக்குப் பேப்பர் அச்சுக்கோக்கற டெக்ஸ் சாஃப்ட்வேரை எடுத்துக்கோங்க, இனிமே புது வசதி எதுவும் சேக்கமாட்டேன், பிழை மட்டும்தான் திருத்துவேன்னு அதை எழுதின டொனால்ட் க்னூத் 1990லயே சொல்லிட்டார், ஒவ்வொரு திருத்தத்துக்கும் வெர்ஷன் நம்பர் பை மதிப்பை நோக்கி ஒரு இலக்கம் நீளும், 2021ல 3.141592653ன்னு வந்துச்சு. அதுக்கு கடைசி கமிட் பேட்ஜ் மாட்டினா சிவப்பாதான் தெரியும், ஆனா உலகம் பூரா கணக்குப் பேப்பர் அதுலதான் அடிக்கறாங்க.

உங்க லைப்ரரிக்கு வேண்டியது டெஸ்ட் பேட்ஜ். பாமினில "கொ" வரணும்னா என், எஃப், எச்னு மூணு கீ தட்டணும், கொம்பு மொதல்ல, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோட்ல க முன்னாடி வந்து கொம்பும் காலும் ஒரே குறியா சேரணும். இந்த இடம் மாத்தறதுலதான் பாதி கன்வெர்ட்டர் சொதப்பும். கொ, கோ, கௌ மாதிரி எல்லாத்துக்கும் டெஸ்ட் எழுதி, அதை தானா ஓட்டற கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல ஓட விட்டு அந்த பச்சை பேட்ஜைப் போடுங்க, வர்றவங்க கேக்கற கேள்விக்கு அதுதான் பதில். பைத்தான் பேக்கேஜ் தளமான பைபிஐல, உங்க பேக்கேஜ் மெட்டாடேட்டால டெவலப்மென்ட் ஸ்டேட்டஸை ஸ்டேபிள்னு குடுத்திருந்தா ஷீல்ட்ஸ்ல அதுக்கும் பேட்ஜ் இருக்கு, அதையும் பக்கத்துல வைங்க.

ராத்திரி_டிபக்கர்
அண்ணே, முழுசா ஒத்துக்க முடியல. கோடு மாறலன்னாலும் சுத்தி இருக்கறது மாறும். 2023 அக்டோபர்ல பைத்தான் 3.12 வந்தப்போ பேக்கேஜ் கட்டி இன்ஸ்டால் பண்ற டிஸ்ட்யூட்டில்ஸை அதுல இருந்து எடுத்துட்டாங்க, அதை நேரா இம்போர்ட் பண்ணிட்டிருந்த எத்தனையோ "முடிஞ்சுபோன" பேக்கேஜ் படுத்துடுச்சு. அதனால வேற ஒருத்தர் லைப்ரரியை என் கோடுல சேக்கறதுக்கு முன்னாடி கடைசி கமிட்டை நான் கண்டிப்பா பாப்பேன், முக்கியமா பாஸ்வேர்ட், என்கிரிப்ஷன் சம்பந்தப்பட்டதுன்னா.

பச்சை பேட்ஜையும் அப்படியே நம்பாதீங்க. பப்ளிக் ரெப்போல 60 நாள் எந்த ஆக்டிவிட்டியும் இல்லன்னா ஷெட்யூல் போட்டு தானா டெஸ்ட் ஓட்டற வொர்க்ஃப்ளோவை கிட்ஹப் தானாவே நிறுத்திடும், ஆனா பேட்ஜ் கடைசியா பாஸ் ஆனதையே காட்டிக்கிட்டு இருக்கும். பாக்கறவனுக்கு அது போன வருஷத்துப் பச்சைன்னு எப்படி தெரியும்? இதுக்காக சிலர் மாசாமாசம் காலி கமிட் ஒண்ணு தள்ளறாங்க, அது தப்பு, அப்புறம் கமிட் ஹிஸ்டரில உருப்படியா ஒண்ணையும் தேட முடியாது.

பாமினி_மாத்தி
அந்த 60 நாள் விஷயம் எனக்கு சுத்தமா தெரியாது, ரொம்ப நன்றி. சரி, அப்ப கமிட் பேட்ஜ் ரெண்டையும் எடுத்துடறேன். எந்த பைத்தான் வெர்ஷன்ல, எந்த தேதில டெஸ்ட் பாஸ் ஆச்சுன்னு பேட்ஜ்லயே எழுதிக் காட்ட வழி இருக்கா?

டெவாப்ஸ்_அக்கா
இருக்கு. ஷீல்ட்ஸ்ல எண்ட்பாயின்ட் பேட்ஜ்னு பாருங்க. ஒரு சின்ன ஜேசன் ஃபைல் போதும், ஸ்கீமா வெர்ஷன் 1, லேபிள், மெசேஜ், கலர், அவ்ளோதான். டெஸ்ட் ஓடி முடிஞ்சதும் வொர்க்ஃப்ளோவே மெசேஜ்ல "3.12, இன்ன தேதி"ன்னு எழுதி ஒரு கிஸ்ட்ல (கிட்ஹப்ல தனி சின்ன ஃபைல் வைக்கற இடம்) போட்டுடணும், பேட்ஜ் அங்கிருந்து படிச்சுக்கும். கிஸ்ட்ல எழுத தனி டோக்கன் வேணும், அதை ரெப்போ சீக்ரெட்ஸ்ல வைங்க, ஃபைல்ல நேரா போட்டுடாதீங்க. வொர்க்ஃப்ளோல மேனுவல் ரன் பட்டனும் சேத்துடுங்க தம்பி, அக்டோபர்ல புது பைத்தான் வரும்போது வெர்ஷன் லிஸ்ட்ல அதை சேத்துட்டு ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கலாம்.