புது பிரின்சிபாலுக்கு யாராவது வழி சொல்லுங்களேன்

டில்லித் தமிழ் உறவுகளுக்கு வணக்கம். மயூர் விஹார் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள், இந்த ஏப்ரலில் பிரின்சிபால் ஆகியிருக்கிறேன். ஃபைல், ஃபீஸ், சிபிஎஸ்இ சர்க்குலர் எல்லாம் எப்படியோ ஓடுகிறது. சங்கடம் ஸ்டாஃப் ரூமில்தான். நேற்றுவரை ஒன்றாக டிபன் பாக்ஸ் திறந்தவர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தால், மறுநாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதிலும் என்னைவிட சீனியரான இந்தி மேடம்... சரி, விடுங்கள்.

2020 கல்விக் கொள்கை தலைமை ஆசிரியர்களுக்கும் வருஷம் 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. அரவிந்தோ மார்க்கில் இருக்கும் நீப்பாவின் (தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம்) பள்ளித் தலைமைத்துவ ஆன்லைன் படிப்பை யாராவது முடித்திருக்கிறீர்களா? குறையை மனம் நோகாமல் சொல்ல அதில் பழக்குகிறார்களா, வெறும் பிபிடி ஸ்லைடுகள்தானா? ஓய்வுபெற்ற பிரின்சிபால்கள் யாராவது அரை மணி நேரம் பேசினாலும் போதும். ஞாயிறு காலை மலை மந்திர் பக்கம் வருவேன், அங்கேயே பார்க்கலாம். இன்பாக்ஸில் சொல்லுங்கள்.