அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேல் உள்ள சுரப்பி) ரத்தக்குழாய் சோதனையில் வலப்பக்கம் சரியாக எடுக்கவில்லையாம், மெட்டாநெஃப்ரின் பார்த்தால் தெரியுமா?

நீடாமங்கலத்தான்:
மாமாவுக்கு 52 வயது, விவசாயம். மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்கவில்லை, பொட்டாசியம் 2.9. பிரஷரை ஏற்றும் அட்ரீனல் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன் அதிகம், அதைத் தூண்டும் ரெனின் ரொம்பக் குறைவு, ஸ்கேனில் இடது அட்ரீனலில் 2 செ.மீ. கட்டி. எந்தப் பக்கம் அதிகம் சுரக்கிறது என்று பார்க்க, சென்னையில் இரண்டு பக்க அட்ரீனல் ரத்தக்குழாயிலிருந்தும் ரத்தம் எடுத்தார்கள், சுரப்பியைத் தூண்டுவதற்கு ஊசி எதுவும் போடவில்லை. கார்டிசால் கை ரத்தத்தில் 10, இடது 90, வலது 14. வலப்பக்கம் குழாய் உள்ளே போகவில்லை, திரும்ப எடுக்கணும் என்கிறார்கள். சம்பா நடவை விட்டுவிட்டு மாமா இன்னொரு தடவை கிளம்ப மாட்டார். வேறு வழி இருக்கிறதா?

தஞ்சை ஹார்மோன் டாக்டர்:
தூண்டாமல் எடுத்தால், குழாய் சரியான இடத்தில் இருந்தது என்று சொல்ல, கை ரத்தத்தைப் போல் குறைந்தது 2 மடங்கு கார்டிசால் இருக்கணும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் மாமாவுக்கு வலப்பக்கம் 1.4. வலது அட்ரீனல் ரத்தக்குழாய் குட்டையானது, நேரே பெருஞ்சிரையில் சேர்வது, அதனால் தவறுவது சகஜம்தான். ஆனால் முதலில் இதைச் சொல்லுங்கள், ராத்திரி 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் கொடுத்துக் காலையில் கார்டிசால் பார்த்தார்களா?

நீடாமங்கலத்தான்:
பார்த்தார்கள் சார், 4.1. கொஞ்சம்தான் கூட, பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள்.

தஞ்சை ஹார்மோன் டாக்டர்:
அந்த மாத்திரைக்குக் கார்டிசால் அடங்கணும், 1.8க்கு மேல் போனால் அப்படி விடக்கூடாது. அந்தக் கட்டி கார்டிசாலும் சுரக்கிறது போல. அப்படியானால் அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோன் அடங்கிப் போய் வலது சுரப்பி கார்டிசாலைக் குறைத்துவிடும், குழாய் சரியாக உள்ளே இருந்திருந்தாலும் 14தான் வந்திருக்கலாம். அது மட்டுமில்லை, இடப்பக்கம் ஆல்டோஸ்டிரோனைக் கார்டிசாலால் வகுக்கும்போது கீழே உள்ள எண் பெரிதாகி விகிதம் சப்பென்று ஆகிவிடும், ஒரு பக்க நோயைக்கூட இரண்டு பக்கம் என்று எழுதி ஆபரேஷனே வேண்டாம் என்றுவிடுவார்கள். கார்டிசாலுக்குப் பதில் ஆண்ட்ரோஸ்டெனடையோன் என்ற அட்ரீனல் ஹார்மோனையும் சிலர் பார்ப்பார்கள், ஆனால் அதுவும் ஏசிடிஎச் சொல்படி நடப்பது, இங்கே பெரிய பிரயோஜனம் இல்லை. மெட்டாநெஃப்ரின் சுரப்பியின் உள்பகுதியிலிருந்து வருவது, கட்டி கார்டிசால் சுரந்தாலும் அதற்குப் பாதிப்பில்லை. கை ரத்தத்தைவிட 12 மடங்குக்கு மேல் இருந்தால் குழாய் உள்ளேதான் இருந்தது என்று ஒரு கணக்கு உண்டு.

திருவாரூர் லேப்:
இடையில் ஒரு வார்த்தை. மெட்டாநெஃப்ரினுக்கு ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போட்ட சோதனைக் குழாயில் எடுத்து, குளிரிலேயே வைத்துப் பிளாஸ்மா பிரித்து உறைய வைத்திருக்கணும். கார்டிசாலுக்கு எடுத்த சீரம் மட்டும்தான் மிச்சம் என்றால் அதை நம்பி உட்கார வேண்டாம். இன்றே போன் போட்டு, உறைந்த பிளாஸ்மா இருக்கிறதா என்று கேளுங்கள், பல இடங்களில் மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள்.

தஞ்சை ஹார்மோன் டாக்டர்:
சரியாகச் சொன்னார். இல்லையென்றால் திரும்ப எடுக்கத்தான் வேண்டும், அப்போது மெட்டாநெஃப்ரினுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். நடவு முடிந்தே போகட்டும், அதுவரை பொட்டாசியம் மட்டும் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையை நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள், அடுத்த சோதனையைக் குழப்பும். அப்புறம் எப்போது கட்டியை எடுத்தாலும் இந்த 4.1ஐ சர்ஜனிடமும் மயக்க டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். வலது சுரப்பி விழிக்கும்வரை கார்டிசாலுக்கு ஈடாக ஹைட்ரோகார்டிசோன் தேவைப்படலாம்.