மகப்பேறு நிதி: மூணாவது பிள்ளைக்கும் 19 நிறையாத தாய்க்கும் ஏன் இல்லை?

வெள்ளாற்றங்கரை

எங்க மகளிர் குழுவுல ஒரு பொண்ணு. 18 முடிஞ்ச பிறகுதான் கல்யாணம், சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. இப்ப நாலு மாசம். தமிழ்நாடு அரசோட முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு எழுதிக்கப் போனா, 19 நிறையலைன்னு சேர்க்கலை. அவளோட ஓரகத்திக்கு இது மூணாவது. முதல் ரெண்டு பிரசவத்துக்கு மட்டும்தான்னு அவளையும் அனுப்பிட்டாங்க. ரெண்டு பேரும் நூறு நாள் வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போறவங்க. ஒரே வீட்ல ரெண்டு கர்ப்பிணி, ரெண்டு பேருக்கும் ஒரு பைசா கிடையாது.

திட்டம் தெரியாதவங்களுக்கு: மொத்தம் 18,000. அதுல 14,000 பணம், மீதி 4,000க்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பணம் முன்னாடி அஞ்சு தவணையா வந்தது, இப்ப மூணு. நாலாவது மாசம் 6,000, குழந்தைக்கு நாலு மாசம் ஆனதும் 6,000, ஒன்பதாவது மாசம் 2,000. ஏழைத் தாய் வேலைக்குப் போகாம வீட்ல இருக்கணும், நல்லா சாப்பிடணும்னு 1987ல ஆரம்பிச்சது. அப்படின்னா யாருக்கு முதல்ல தேவை? வயசு குறைஞ்சவளுக்கும், ஏற்கெனவே ரெண்டு பெத்து ரத்தம் வத்தினவளுக்கும்தானே? அவங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு மத்தவங்களுக்குக் கொடுக்கிற விதி எனக்கு விளங்கலை. இதை எடுக்கணும்னு நான் சொல்றேன். எதிர்க்கிறவங்க காரணத்தோட எழுதுங்க.

கணக்குப்பிள்ளை

வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். சகோதரியின் ஆதங்கம் புரிகிறது, ஆனாலும் விதியை எடுக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து.

முதலில் வயது. தேசிய குடும்ப நல ஆய்வு 2019–21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18க்கு முன்பே திருமணம் முடிந்திருந்தது. எட்டில் ஒருத்தி. நீங்கள் சொல்லும் பெண் சட்டப்படி மணந்தவள், சரி. ஆனால் 18ல் பிரசவத்துக்கு வரும் பலருக்கு 17ல் கல்யாணம் ஆகியிருக்கும். வயது வரம்பை எடுத்தால் அந்தப் பெற்றோருக்கு அரசே பணம் கொடுத்து ஆசீர்வாதம் செய்தது போல ஆகிவிடும்.

அடுத்தது எண்ணிக்கை. மூன்றாவது பிள்ளைக்கு அரசு கதவைச் சாத்தவில்லை. பரிசோதனை, ஸ்கேன், பிரசவம், தடுப்பூசி எல்லாம் எத்தனையாவது பிள்ளையானாலும் இலவசம். அங்கன்வாடியில் சத்துமாவும் எல்லாக் கர்ப்பிணிக்கும் உண்டு. பணத்துக்கு மட்டும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். எந்தத் திட்டத்துக்கும் ஓர் எல்லை வேண்டும்.

வெள்ளாற்றங்கரை

ஐயா, 17 வயசுல பொண்ணைக் கட்டிக் கொடுக்கிற அப்பா அம்மாவை நான் தினமும் பார்க்கிறேன். "யாரையாவது இழுத்துக்கிட்டுப் போயிடுவா"ங்கிற பயம், வரன் தேடி வந்துட்டாங்கங்கிற அவசரம், அடுத்து ஒரு தங்கச்சி நிக்கிறாங்கிற கவலை. ரெண்டு வருஷம் கழிச்சு வரப்போற 6,000ஐ அந்த வீட்ல யாரும் கணக்குப் போடறதில்லை. அதனால அந்தப் பணத்தை நிறுத்தறதுல ஒரு கல்யாணமும் நிக்காது.

கல்யாணத்தைத் தள்ளிப்போட வைக்கிறது படிப்பு. 2022ல புதுமைப் பெண் திட்டம் வந்துச்சு. அரசுப் பள்ளியில ஆறாவதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் படிச்ச பொண்ணு கல்லூரிக்குப் போனா மாசம் 1,000 ரூபா. எங்க ஊர்ல அந்தப் பணத்தைக் காட்டியே அப்பாகிட்ட சண்டை போட்டுக் கல்லூரிக்குப் போனவ இருக்கா. அதுதான் வழி. கர்ப்பமானதுக்கு அப்புறம் தண்டிக்கிறதுல யாருக்கு என்ன லாபம்?

நர்ஸம்மா

கிராம சுகாதார செவிலியரா இருக்கேன். ரெண்டு பக்கமும் பேசறதைப் படிச்சேன். களத்துல நடக்கிறதைச் சொல்றேன்.

பன்னிரண்டு வாரத்துக்குள்ள பதிவு பண்ணி பிக்மி எண், அதாவது கர்ப்பிணிப் பதிவு எண், வாங்கணும். அப்பதான் ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாத்தையும் ஆரம்பத்துலயே பிடிக்க முடியும். முதல் ரெண்டு கர்ப்பத்துக்கு மாதவிடாய் தள்ளின உடனே தேடி வந்துடறாங்க, பணத்துக்காகவும்தான். மூணாவதுன்னா வரமாட்டாங்க. பதிவேட்டுல ஹெச்.ஓ.பி.ன்னு குறிப்போம், ரெண்டுக்கு மேல போனவங்க. அந்தப் பட்டியல்ல பேர் வந்தா எல்லாரும் திட்டுவாங்கன்னு தெரியும். வீடு வீடாப் போய்க் கேட்டா "இல்லீங்க நர்ஸம்மா, தள்ளிப் போயிருக்கு, அவ்ளோதான்"னு மழுப்புவாங்க. அஞ்சு மாசம் ஆகி வயிறு தெரிஞ்சப்புறம்தான் வருவாங்க. அதுல ஒருத்திக்கு இமையை இழுத்துப் பார்த்தா உள்பக்கம் வெள்ளைத் துணி மாதிரி இருந்துச்சு. ஹீமோகுளோபின் ஏழுகூட இல்லை. மூணு மாசத்துல வந்திருந்தா மாத்திரையிலயே ஏத்தியிருக்கலாம். அந்த நேரத்துக்கு ஊசியும் ரத்தமும் ஏத்த வேண்டியதாப் போச்சு.

வயசு விஷயத்துல இன்னொரு சிக்கல். 18 நிறையாத பொண்ணு கர்ப்பமா வந்தா போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகணும். அந்தப் பயத்துலயே நிறைய பேர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கிறதில்லை. 18 முடிஞ்சவளுக்கு அந்தப் பயம் கிடையாது. அவளை வரவைக்க எங்க கையில இருக்கிறது இந்த நிதி ஒண்ணுதான். அதையும் 19ன்னு வெச்சு எடுத்துட்டாங்க.

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன அங்கன்வாடி சத்துமாவு உண்மை, எல்லாருக்கும் கொடுக்கிறாங்க. ஆனா பேரீச்சம்பழம், நெய், புரோட்டீன் பிஸ்கட், இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கிற பெட்டகம் இந்தத் திட்டத்துல சேர்ந்தவங்களுக்குத்தான்.

சட்டம்_படிப்பவன்

சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்க்கலாம். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 4: கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவி. அரசு ஊழியர் போல ஏற்கெனவே அந்தச் சலுகை உள்ளவங்களுக்கு மட்டும் விலக்கு. முதல் பிள்ளையா மூணாவது பிள்ளையான்னு அந்தப் பிரிவுல இல்லை, வயசும் இல்லை.

அதுக்கும் முன்னாடி, உணவு உரிமை வழக்குல 2007 நவம்பர் 20 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கு. தேசிய மகப்பேறு நிதியுதவித் திட்டத்துல வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள பெண்களுக்குத் தர வேண்டிய 500 ரூபாயை, பிள்ளை எண்ணிக்கையும் தாயோட வயசும் பார்க்காம கொடுக்கணும்னு.

கணக்குப்பிள்ளை

தம்பி, அதே பிரிவு 4ல் "மத்திய அரசு வகுக்கும் திட்டங்களுக்கு உட்பட்டு" என்ற சொற்களும் இருக்கின்றன. அதை வைத்துத்தான் பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 என்றும், இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் மட்டும் 6,000 என்றும் வரையறுத்தார்கள். 2007 உத்தரவு வேறொரு திட்டத்துக்கு. அதைத் தூக்கிக்கொண்டு வந்து மாநிலத் திட்டத்தின் மேல் வைக்க முடியாது.

சட்டம்_படிப்பவன்

சட்டப்படி அப்படியே பொருந்தாதுன்னு ஒத்துக்கறேன் சார். ஆனா 2025 மே 23 தீர்ப்பைப் பாருங்க. தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆசிரியை. முதல் கல்யாணத்துல ரெண்டு பிள்ளை, மறுமணத்துல ஒண்ணு. மூணாவதுக்கு மகப்பேறு விடுப்பு கிடையாதுன்னு நம்ம அரசு மறுத்துச்சு. உச்ச நீதிமன்றம் விடுப்பு கொடுக்கச் சொன்னதோட, மகப்பேறு விடுப்பு பெண்ணோட இனப்பெருக்க உரிமையில ஒரு பகுதின்னும் சொல்லுச்சு. சம்பளம் வாங்கற ஆசிரியைக்கு அந்த உரிமை உண்டுன்னா, கரும்பு வெட்டுறவளுக்கு இந்த 14,000தான் விடுப்புச் சம்பளம். அவளுக்கு மட்டும் எண்ணிக்கை பார்க்கறது நியாயமா?

திருப்பூர்_தையல்

மன்னிக்கணும், நடுவுல வர்றேன். எங்களுக்கு முதல் குழந்தைதான், வயசும் சரி. எல்லாம் தகுதி இருந்தும் முதல் தவணையே வரலை. குழந்தை குப்புற விழ ஆரம்பிச்சாச்சு. பதிவு இங்க திருப்பூர்ல, பிரசவம் என் மனைவியோட அம்மா ஊர்ல. இங்க கேட்டா அங்க கேளுங்கறாங்க, அங்க கேட்டா இங்கன்னு சொல்றாங்க. தகுதி இருக்கிறவங்களுக்கே இந்த நிலைமை.

நர்ஸம்மா

தம்பி, ஊர் மாறினாலும் பிக்மி எண் மாறாது, பயப்படாதீங்க. அந்த எண்ணோட பதிவு பண்ண ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போய், உங்க பகுதி செவிலியர்கிட்ட பிரசவ விவரமும் தடுப்பூசி விவரமும் ஏறியிருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க. அம்மா ஊர்ல போட்ட ஊசி ஏறலைன்னா அடுத்த தவணையும் நிக்கும்.

அப்புறம் வங்கி. கணக்குல ஆதார் சேர்த்தாச்சுன்னு சொல்வாங்க, அது போதாது. அரசுப் பணம் நேரா வந்து சேர்ற கணக்கா ஆதாரோட இணைக்கிறதை என்பிசிஐ சீடிங்னு சொல்வாங்க, அது எந்தக் கணக்குல ஆகியிருக்குன்னு கேளுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி படிப்பு உதவித்தொகைக்காக ஆரம்பிச்ச பழைய கணக்குலயே அது நின்னுடும், அந்தக் கணக்கு முடங்கிக் கிடந்தா பணம் திரும்பிப் போயிடும். ஆதார்ல அப்பா இனிஷியல், பாஸ்புக்ல உங்க இனிஷியல்னு இருந்தா அதையும் முதல்ல சரி பண்ணுங்க. என் பகுதியில நிக்கிற பணம் பாதிக்கு மேல இதனாலதான்.

கணக்குப்பிள்ளை

செவிலியர் அம்மா சொல்லும் தாமதப் பதிவு என்னை யோசிக்க வைக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பணம் கொடுத்தால் மூன்றாவதும் பெற்றுக்கொள்வார்கள் என்ற அச்சம் தவறா?

நர்ஸம்மா

14,000க்காக யாரும் பத்து மாசம் சுமக்க மாட்டாங்க ஐயா. என் பகுதியில மூணாவது வர்றது பெரும்பாலும் முதல் ரெண்டும் பொண்ணா இருக்கிற வீட்ல. குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கறேன்னு அந்தப் பொண்ணே சொல்லியிருப்பா. மாமியாரும் வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட விடமாட்டாங்க. அவங்க எடுத்த முடிவுக்கு அவளோட நெய்யையும் பேரீச்சம்பழத்தையும் நிறுத்தறோம்.

வெள்ளாற்றங்கரை

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். இன்னொண்ணு. மாநிலத்துல ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளைன்னு, கணக்குப்பிள்ளை ஐயா, நீங்க சொன்ன அதே ஆய்வு சொல்லுது. மக்கள்தொகை குறைஞ்சா நாடாளுமன்றத் தொகுதியும் குறைஞ்சிடும்னு பயந்து, 2025 மார்ச்ல நாகப்பட்டினத்துல அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலினே புதுசாக் கல்யாணம் ஆனவங்களைச் சீக்கிரம் பிள்ளை பெத்துக்கச் சொன்னார். ஆந்திராவுல உள்ளாட்சித் தேர்தலுக்கு வெச்சிருந்த ரெண்டு பிள்ளை விதியை 2024லயே எடுத்துட்டாங்க. மக்கள்தொகைக்காகப் போட்ட வரம்பை இன்னும் ஏழைத் தாய்கிட்ட மட்டும் பிடிச்சு வெச்சிருக்கோம்.

கணக்குப்பிள்ளை

மூன்றாவது பிரசவத்துக்கும் பெட்டகம் கொடுக்கட்டும், அதை ஏற்கிறேன். அது பொருளாக நேராக அவள் கையில் போகிறது. பணம் வேண்டாம். வயது வரம்பில் நான் இறங்கி வரவில்லை. 19 என்று இருப்பதால்தான் சில வீடுகளில் "ஒரு வருஷம் பொறுங்கள்" என்று சொல்ல உங்களைப் போன்றவர்களுக்கே ஒரு பிடி கிடைக்கிறது.

வெள்ளாற்றங்கரை

பெட்டகம் மட்டும் போதாது ஐயா. பெட்டகத்தைச் சாப்பிட்டுட்டு ஏழாவது மாசத்துல கரும்பு வெட்டத்தான் போவா. கூலிக்குப் பதிலாத்தான் பணம்னு ஆரம்பிச்ச திட்டம் இது. வயசு வரம்பைப் பிடியா வெச்சு நாங்க பேசறதும் உண்மைதான், மறுக்கலை. ஆனா அது கல்யாணத்துக்கு முன்னாடி பேசற பேச்சு. கர்ப்பமானவகிட்ட அதைப் பேசி என்ன பண்றது?

நவம்பர் 1 கிராம சபையில தீர்மானமா வைக்கப் போறோம். ஒண்ணு, 18 நிறைஞ்ச எல்லாக் கர்ப்பிணிக்கும் முழு நிதி. ரெண்டு, மூணாவது பிரசவத்துக்குப் பெட்டகமும் முதல் 6,000மும், பன்னிரண்டு வாரத்துக்குள்ள பதிவு பண்ணினா. நர்ஸம்மா சொன்ன தாமதம் இதுல குறையும்.

கணக்குப்பிள்ளை

எங்கள் ஊராட்சியிலும் அன்றைக்குக் கூட்டம் உண்டு. இரண்டாவதை, பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு என்ற நிபந்தனையோடு என்பதால், நானே முன்மொழிகிறேன், பணம் உட்பட. முதலாவது வந்தால் எழுந்து எதிர்த்துப் பேசுவேன். தீர்மான வாசகத்தை இங்கே போடுங்கள்.