சிவப்புக் கழுகு: 1962-ல் தோற்றது டிவிஷனா, பிரிகேடா?

பாசறை_மணி:
"எரித்திரியாவின் கேரனில் இத்தாலியர்களை உருட்டிய இந்தியாவின் 4ஆவது டிவிஷன் (சின்னம் சிவப்புக் கழுகு), சீனப் போரில் 1962 அக்டோபர் 20 காலையில் நம்கா சூ ஆற்றங்கரையில் காலி" என்று மேலே ஒருத்தர் அளந்துவிட்டிருக்கிறார். வழக்கமாக மூன்று பிரிகேட் சேர்ந்ததுதான் ஒரு டிவிஷன். அங்கே நின்றது அதன் 7ஆவது பிரிகேட் ஐயா. ஒரே பிரிகேட். 5ஆவது பிரிகேட் நேஃபாவின் (இன்றைய அருணாசலப் பிரதேசம்) மற்ற பக்கங்களில் சிதறிக் கிடந்தது. 11ஆவதை நாகாலாந்துக்குப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

வரப்பு:
"மேலே ஒருத்தர்" நான்தான். பேர் சொன்னால் வாய் சுட்டுவிடுமா? தோற்றது டிவிஷன் இல்லையென்றால் டிவிஷன் கமாண்டர் நிரஞ்சன் பிரசாத்தை ஏன் தூக்கினார்கள்?

பாசறை_மணி:
பலிகடா வேண்டியிருந்தது, தூக்கினார்கள். ஒரே பிரிகேட், அதுவும் ஆற்றங்கரையில் சுமார் 20 கிலோமீட்டருக்கு இழுத்துவிட்ட பிரிகேட். ஆளுக்கு 50 தோட்டா, பருத்தி உடுப்பு. சாங்தார் மேட்டில் விமானம் போட்ட மூட்டைகளில் ஏகப்பட்டது பள்ளத்தாக்கில் உருண்டது. எதிர்க்கரை மேடு சீனர் கையில். அக்டோபர் நடுவில் தண்ணீர் வற்றி, ஆறு இறங்கிக் கடக்கிற அளவுக்கு வந்துவிட்டது. நிலைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் ராத்திரியே புகுந்து, விடிந்ததும் பின்பக்கமிருந்து அடித்தார்கள். டெலிபோன் கம்பி முதல் குண்டுவீச்சிலேயே போச்சு. 2 ராஜ்புத் பட்டாலியனில் 513 பேரில் 282 பேர் சாவு. இதில் டிவிஷன் எங்கே சண்டை போட்டது, காட்டுங்கள்.

சாப்பர்_12:
1943 ஏப்ரல், துனீசியா, வாடி அகாரிட் சண்டை. 5, 7 என்று இரண்டே பிரிகேட். 11ஆவது போன வருஷமே டோப்ரூக்கில் கைதாகிவிட்டது. அதை மட்டும் "4ஆவது டிவிஷன் வென்றது" என்று எழுதுகிறீர்களே? ஜெயித்தால் டிவிஷன், தோற்றால் பிரிகேடா?

பாசறை_மணி:
இரண்டு வேறு, ஒன்று வேறு. அங்கே டிவிஷன் கமாண்டர் டக்கர் தானே திட்டம் போட்டு, பீரங்கிச் சத்தமே இல்லாமல் இருட்டில் கூர்க்காக்களை ஃபட்னாசா மேட்டில் ஏற்றினார். லால்பகதூர் தாபாவுக்கு விக்டோரியா கிராஸ் அந்த ஏற்றத்தில்தான். நம்கா சூவில் எந்தக் கம்பெனி எங்கே நிற்கணும் என்பதுகூட மேலிடத்து உத்தரவு. திரும்பவும் சொல்கிறேன், ஒரே பிரிகேட்.

வரப்பு:
சரி, அதே நேஃபாவின் சேலா கணவாய்? நவம்பர் 17 ராத்திரி. டிவிஷனின் கீழே 62, 48, 65 என்று மூன்று பிரிகேட். 62-ல் மட்டும் ஐந்து பட்டாலியன். நூராநாங்கில் 4 கட்வால் சீனரைத் தடுத்து அடித்துக்கொண்டிருக்கும்போதே பின்வாங்கச் சொன்னார்கள். இதற்கும் எண்சுவடி ஒப்பிப்பீர்களா?

பாசறை_மணி:
பேச்சு நம்கா சூவைப் பற்றி. அந்த 62 கழுகின் பழைய பிரிகேடே இல்லை, அவசரத்துக்கு ஒட்டவைத்தது.

சாப்பர்_12:
அதே 62ஆவது பிரிகேட் 1965 பாகிஸ்தான் போரில், பஞ்சாபின் அசல் உத்தர் சண்டையில் இருந்ததே. போன மாசம் அந்த வெற்றியைக் கழுகின் கணக்கில் எழுதி மூன்று பதிவு போட்ட புண்ணியவான் யார்?

கரும்புத்தோட்டம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். அசல் உத்தரைக் காலாட்படை வெற்றி என்பதே தப்பு. பிரிகேடியர் தியோகராஜின் 2ஆவது கவச பிரிகேட் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்? கரும்புக்குள் குதிரைலாட வளைவில் செஞ்சூரியன் டாங்கிகளை ஒளித்து வைத்தவர்கள் 3 கேவல்ரி டாங்கிப் படை.

பாசறை_மணி:
வந்துட்டாரய்யா டாங்கி ரசிகர். 4 கிரனேடியர்ஸின் அப்துல் ஹமீது எதில் அடித்தார், செஞ்சூரியனிலா? ஜீப்பில் ஏற்றிய 106 மிமீ டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியில். முதலில் 0.50 அங்குலக் குறித்தோட்டா, அது பட்டுப் புகைந்தால்தான் பெரிய குண்டு. சுட்டதும் பின்னால் கிளம்புகிற நெருப்பும் புழுதியும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். உடனே ஜீப்பை நகர்த்தாவிட்டால் ஆள் காலி. அந்த 4 கிரனேடியர்ஸ் நம்கா சூவிலும் நின்றது. 7ஆவது பிரிகேடில். ஒரே பிரிகேடில்.

கரும்புத்தோட்டம்:
பாகிஸ்தானின் 97 டாங்கியையும் ஜீப்பே அடித்ததா? பேட்டன் டாங்கி எண்ணிக்கைத் திரியில் வாங்கிய அடி இன்னும் ஆறவில்லை போல.

வரப்பு:
சேலாவுக்குப் பதில் வரவில்லை.

பாசறை_மணி:
நம்கா சூவில் எத்தனை பிரிகேட்? ஓர் எண் மட்டும் போதும்.

சாப்பர்_12:
வாடி அகாரிட்டில் எத்தனை? முதலில் நீங்கள்.