புதுப்பிப்பு: பொய்ப் பகடை ஆட்டத்தில் எப்போது சவால் விடுவது?

ஆளுக்கு ஐந்து பகடைகளைக் குவளைக்குள் குலுக்கி மறைத்து, எல்லோருடைய பகடைகளையும் சேர்த்து இந்த எண் இத்தனை இருக்கும் என்று துணிந்து சொல்லும் ஆட்டத்தில், எப்போது ‘பொய்’ என்று சவால் விடுவது எனத் தெரியாமல் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் திணறுவதைப் பற்றி முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது மூன்றில் ஒரு பங்குக் கணக்குதான். ஒன்று விழுந்த பகடையை எந்த எண்ணாகவும் கொள்ளலாம் என்ற விதிப்படி, ஒவ்வொரு பகடையும் சொன்ன எண்ணுக்குப் பொருந்த ஆறில் இரண்டு வாய்ப்பு உண்டு. ஆகவே நால்வர் ஆடும்போது, தன் கையிலுள்ளதை அப்படியே எண்ணி, மறைந்திருக்கும் 15 பகடைகளுக்கு ஐந்தைக் கூட்டிக்கொண்டால் போதும் என்று ஒருவர் விளக்கியிருந்தார். தன்னிடம் மூன்று நான்குகளை வைத்திருந்த மகள், விரல்விட்டு எண்ணிப் பார்த்து, ‘எட்டு நான்கு’ என்றதை விட்டுவிட்டு, ‘பதினொன்று’ என்றதும் தயங்காமல் சவால் விட்டாள்.

எதிர்பாராத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ‘ஒன்று’ என்ற எண்ணையே ஒருவர் கூறும்போது வாய்ப்பு ஆறில் ஒன்றாகக் குறைவதால், அதே 15 பகடைகளில் இரண்டு அல்லது மூன்றை மட்டுமே எதிர்பார்க்கலாம். பகடைகளை இழப்பவர்கள் இருப்பதால், ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மொத்தத்தைப் புதிதாக எண்ணிக்கொள்வதும் அவசியம்.