பள்ளிக்கூட வாசல் வரை வந்துவிட்ட போதை

கேள்வி:
நான் 1970களில் மதுரைப் பக்கத்துக் கிராமமொன்றில் படித்தவன். அக்காலத்தில் ஒரு சிறுவன் பீடி கேட்டால், கடைக்காரர் “நீ இன்னார் மகனல்லவா?” என்று விசாரித்து, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குச் செய்தி சொல்லிவிடுவார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேரனின் பையில் நேற்று மெல்லும் புகையிலைப் பொட்டலம் இருந்தது. தடை செய்யப்பட்ட பொருள் இவ்வளவு எளிதாக எப்படிக் கிடைக்கிறது?

பதில் 1:
ஐயா, தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013இல் தடை வந்தது. பள்ளிகளிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. ஆனால் உள்ளங்கையில் அடங்கும் பொட்டலத்தை மறைப்பது எளிது. புகை எழாததால் வகுப்பறையிலேயே வாயில் அடக்கிக்கொள்ளவும் முடிகிறது. அக்காலத்திலும் சாராயமும் கஞ்சாவும் இருந்தன. இன்று மாறியிருப்பது, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே அறிமுகம் தேவையில்லை என்பதுதான்.

பதில் 2:
மருந்துக்கடையில் பணிபுரிகிறேன். டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளையும் இளைஞர்கள் போதைக்காகத் தேடுகிறார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் அவற்றை விற்கும் ஒவ்வொரு கடையும் ஒரு குடும்பத்தைச் சிதைக்கிறது என்றே கருதுகிறேன்.

பதில் 3:
பேரனை அடிக்காதீர்கள், ஐயா. சிறுவருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. எனவே எங்கு வாங்கினான் என்பதைப் பொறுமையாகக் கேட்டறிந்து காவல்துறைக்குத் தெரிவியுங்கள். ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா எண்ணை இன்றே அழையுங்கள்.